குச்சியில் பதினைந்து, நோட்டில் இருபத்தைந்து: செயல்வழிக் கற்றலில் நான் எங்கே தவறினேன்?

இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு:

நான்கு வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்துவிட்டு இந்த ஆண்டு இரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறேன். சுலபமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன யாரும் இரண்டாம் வகுப்பு எடுத்தவர்கள் இல்லை. பிள்ளைகள் 34 பேர். எல்லோருக்கும் ஏழு வயது. தினமும் யாருக்காவது ஒரு பல் விழுகிறது. அதை நான் பார்த்து வியக்காமல் பாடம் தொடங்காது.

என் சிக்கல் கழித்தல். இரண்டு இலக்க எண்கள், பத்தைப் பிரித்துக் கழிக்க வேண்டியவை. ஐந்தாம் வகுப்பிலேயே இதில் தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பதால், இந்த முறை அடித்தளத்திலேயே சரியாகச் செய்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். 850 மரக்குச்சிகள் சேர்த்தேன். இரண்டு மாலை உட்கார்ந்து பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு 68 கட்டுகள் கட்டினேன். ஜோடிக்கு நான்கு கட்டு, பத்து உதிரிக் குச்சி. 17 ஜோடிகள்.

அட்டையில் 32 − 17 என்று எழுதிக் கொடுத்தேன். 32 குச்சி எடுத்து வையுங்கள், 17 குச்சியை எனக்குக் கொடுங்கள், மீதி எத்தனை? சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஆனால் 17 ஜோடிகளில் 15 ஜோடிகள் பதினைந்து என்று சரியாகச் சொன்னார்கள். அன்று மாலை நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் அதே கணக்கை நோட்டில் கொடுத்தேன். அதே எண்கள், வேண்டுமென்றேதான். 23 பேர் 25 என்று எழுதியிருந்தார்கள். மேலே 2, கீழே 7. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5. மூன்றிலிருந்து ஒன்று போனால் 2. ஒருத்தி 49 எழுதியிருந்தாள். அவள் கூட்டிவிட்டாள், அவளை விட்டுவிடலாம்.

சரி, மறந்திருப்பார்கள் என்று ஒரு பையனை மேசைக்கு அழைத்துக் குச்சிகளைக் கொடுத்தேன். முதல் வரிசைப் பையன், கெட்டிக்காரன். கடகடவென்று எண்ணிப் பதினைந்து என்றான். நோட்டைத் திறந்து காட்டி, "இங்கே இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறாயே, எது சரி?" என்று கேட்டேன். என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "குச்சிக்குப் பதினைந்து டீச்சர், நோட்டுக்கு இருபத்தைந்து."

அவனுக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். கையால் செய்தால் தானாகப் புரியும் என்று பயிற்சிகளில் கேட்டுக்கேட்டு நானும் நம்பியிருந்தேன். கையால் செய்தார்கள், சரியாகவும் செய்தார்கள், நோட்டுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. குச்சியை மூட்டை கட்டிவிட்டு 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்துவிடலாமா? பாடப்பகுதி வேறு பின்தங்கிக் கிடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


வாசல்வரை வரும் அப்பா:

நான் ஆசிரியர் இல்லை, இரண்டாம் வகுப்புப் பெண்ணின் தகப்பன். எங்கள் மகளும் போன வாரம் ஒரு நாள் உற்சாகமாக வந்து, இன்று வகுப்பில் வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டினோம் என்றாள். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "பசையை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் காய்ந்துவிடும்" என்றாள். பாடம் பின்னம் என்பது அவள் நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. குறை சொல்லவில்லை. பசையைப் பற்றி அவள் சொன்னதும் உண்மைதான்.


வாய்ப்பாடு கட்சி:

நான் மூன்றாம் வகுப்பு எடுப்பவன். உங்கள் வகுப்பில் முடிக்காமல் விட்டதெல்லாம் என் தலையில்தான் வந்து விழும், அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். விதியைச் சொல்லிக்கொடுங்கள். தினமும் பத்துக் கணக்கு கொடுங்கள். மூன்று வாரத்தில் சரியாக எழுதுவார்கள். காரணம் பின்னால் புரியட்டும். குச்சி கட்டிய இரண்டு மாலையும் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். பயிற்சி இல்லாமல் எந்தக் கணக்கும் கையில் நிற்காது. இதைச் சொன்னால் இந்தக் காலத்தில் பழமைவாதி என்கிறார்கள்.


ஓய்வுபெற்ற சாக்கட்டி:

டீச்சர், 15 ஜோடி சரியான விடை சொன்னார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கைகளைப் பார்த்தீர்களா?

இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. 31 வருடம் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் கிடந்தவன் நான். அதில் முதல் பத்து வருடம் நானும் விடையைத்தான் பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மூன்று கட்டையும் அவிழ்த்துக் கொட்டியிருப்பார்கள். குவியலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினேழு வரை எண்ணி எடுத்திருப்பார்கள். மீதியை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணியிருப்பார்கள். விடை பதினைந்து, சரி. ஆனால் அந்த வேலையில் 'பத்து' எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. 32 அவர்களுக்கு முப்பத்திரண்டு ஒன்றுகள், அவ்வளவுதான். நோட்டில் இருப்பதோ மூன்று பத்தும் இரண்டு ஒன்றும். குச்சியில் செய்ததும் நோட்டில் கேட்டதும் ஒரே கணக்கு என்று நமக்குத்தான் தெரியும். உங்கள் முதல் வரிசைப் பையன் சொன்னது அவனளவில் நியாயமான பதில்.

அடுத்து, அந்த 25. அது கவனக்குறைவு இல்லை, நாம் சொல்லிக்கொடுத்தது. 'எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்' என்று ஒன்றாம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்? நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். ஏழும் இரண்டும் மேலும் கீழுமாக நின்றால் அந்தக் குழந்தை நம் சொல்லைத் தட்டாமல் ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கிறது. கீழ்ப்படிதலுக்கு நாம் சிவப்பு மையில் தவறு போடுகிறோம்.

68 கட்டையும் நீங்களே கட்டினீர்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். என் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன். கட்டுகள் பிரிந்துவிடக் கூடாது, ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும் என்று குச்சிகளைப் பத்துப் பத்தாகப் பசை போட்டு ஒட்டி வைத்தேன். அழகாக இருந்தன. கழித்தல் வந்த அன்று ஒரு பத்தை உடைக்க வேண்டும், உடையவில்லை. 'இதைப் பத்து உதிரியாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் நினைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பல்லால் கடித்துப் பிரித்துவிட்டான். அவனைத் திட்டினேன். அன்று வகுப்பில் கணக்கு புரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

பத்தைக் கட்டும் வேலைதான் பாடம். அதை நீங்கள் வீட்டில் முடித்துவிட்டு வந்தீர்கள். பிள்ளைகளே கட்டட்டும். ஒன்பது குச்சியில் கட்டினால் பக்கத்திலிருப்பவன் கண்டுபிடித்துச் சண்டைக்கு வரட்டும். அவிழ்ப்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள்: தேவை வந்தால் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு கட்டு. ஏழு உதிரி கொடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. இப்போது ஒரு கட்டை அவிழ். மூன்று கட்டு இரண்டு கட்டாயிற்று, இரண்டு உதிரி பன்னிரண்டாயிற்று. அதே நொடியில் நோட்டில் 3-ஐ அடித்து 2, 2-ஐ அடித்து 12. இன்றைக்குக் குச்சி, நாளைக்கு நோட்டு என்று பிரித்தால் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. ஏழு வயதுக்கு அது ஒரு யுகம். குச்சி அசையும்போதே பென்சிலும் அசைய வேண்டும்.

'கடன்' என்ற சொல்லையும் நான் விட்டுவிட்டேன். எதையும் யாரும் கடன் வாங்கவில்லை, திருப்பித் தரப்போவதும் இல்லை. இருந்த கட்டை அவிழ்த்தோம். 'அவிழ்' என்றால் கை செய்ததை நாக்கும் சொல்கிறது.

வாய்ப்பாடு கட்சி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு உங்கள் வகுப்பில் 305 − 128 கொடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குப் போனால் அங்கே பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். கடன் கேட்க ஆளில்லை.


வாய்ப்பாடு கட்சி:

305 − 128 என் வகுப்பில் தகராறு செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா வருடமும் செய்கிறது. மற்றதைப் பிறகு பேசலாம்.


இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு:

ஐயா, இன்று பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. அதே அட்டை, எண்களை மட்டும் 43 − 26 என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு தாளோடு வகுப்பைச் சுற்றினேன்.

13 ஜோடிகள் அட்டையைப் படித்த அடுத்த நொடியே நான்கு கட்டையும் அவிழ்த்துக் கொட்டினார்கள். ரப்பர் பேண்டுகள் பறந்தன. இரண்டு ஜோடிகள் முதலில் இரண்டு கட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை முழுக்க அவிழ்த்தார்கள். மற்ற இரண்டு ஜோடிகள் மட்டுமே ஒரே ஒரு கட்டை அவிழ்த்துச் செய்தார்கள். போன வாரமும் இதேதான் என் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். நான் சத்தம் குறைவதையும் விடை சரியாவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மாலை கட்டிய கட்டுகள் ஒரு நிமிடத்தில் குப்பையாவதை இன்று நின்று வேடிக்கை பார்த்தபோது அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது ரப்பர் பேண்டு போட்ட குச்சிப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரிக்கத்தானே செய்வார்கள்?

ஒரு சந்தேகம். குச்சிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, பத்து கட்டம் கோடு போட்ட நீளக் கட்டை, அதை வாங்கினால் அவிழ்க்கவே முடியாது அல்லவா? தொல்லை தீர்ந்துவிடுமா?


பயிற்சி நிலையத்துக்காரன்:

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன். தயவுசெய்து இப்போது அதை வாங்காதீர்கள். பொருள் மோசம் என்பதில்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

நீங்கள் சொல்வது டீன்ஸ் கட்டைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சோல்டான் டீன்ஸ் என்ற கணிதக் கல்வியாளர் பரப்பியவை. அதற்கு முன்பே மரியா மாண்டிசோரியின் மணிகளில் இதே யோசனை உண்டு: ஒரு மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனச்சதுரம். இவற்றில் பத்து, பத்து மடங்கு பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவிழ்க்க முடியாது, கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நீளக் கட்டையைக் கொடுத்துவிட்டுப் பத்துச் சின்னக் கட்டைகள் வாங்க வேண்டும். குச்சிக்கட்டில் அதே குச்சிகள் கண்முன்னே உதிரியாகின்றன, நம்புவதற்கு எதுவுமில்லை. மாற்றிக்கொள்ளும்போது 'இரண்டும் சமம்' என்று குழந்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு படி மேலே. வண்ண வில்லைகள் இன்னும் ஒரு படி மேலே: நீலம் பத்து, சிவப்பு ஒன்று என்றால் நீல வில்லை சிவப்பைவிட ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதில்லை, வெறும் ஒப்பந்தம். முதலில் அவிழ்ப்பது, பிறகு மாற்றுவது, கடைசியில் ஒப்பந்தம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஏன் புரியவில்லை என்று நாம் வியப்பதுண்டு.

உங்கள் பையனின் 'குச்சிக்குப் பதினைந்து' எனக்கு ஒரு பழைய சோதனையை நினைவூட்டியது. ஜூடி டெலோஷ் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்டது. ஓர் அறை, அந்த அறையின் அச்சாக ஒரு சின்ன மாதிரி. மாதிரியில் குட்டிப் பொம்மையைக் குட்டி நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதைக் குழந்தை பார்க்கிறது. பெரிய அறையில் பெரிய பொம்மை அதே இடத்தில் இருக்கிறது, போய் எடு என்றால், மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் தவறினார்கள். குட்டிப் பொம்மை எங்கே இருந்தது என்பதை மறந்ததால் இல்லை. மாதிரிக்குத் திரும்பினால் சரியாக எடுத்தார்கள். இது அதைக் குறிக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பின்னால் செய்த சோதனைகளில், மூன்று வயதுக் குழந்தைகளை முதலில் அந்த மாதிரியோடு விளையாட விட்டபோது தேடுவதில் பின்தங்கினார்கள். இரண்டரை வயதினருக்கு மாதிரியைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக் காட்டியபோது தேறினார்கள். பொருள் அதிகமாகப் பொம்மையாகிவிட்டால் குறியீடாக வேலை செய்வது கடினமாகிறது. ஏழு வயதுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் குச்சியில் வண்ணம் பூசி, கண் மூக்கு வரைந்து வைக்கும் பயிற்சி மாணவர்களிடம் இதைச் சொல்லிக் கெஞ்சுவது வழக்கம்.

இன்னொன்று, நம் எண்ணுப்பெயர்கள். இருபது, முப்பது, நாற்பது எல்லாவற்றிலும் 'பத்து' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நமக்கு வரம். 'முப்பது என்றால் மூன்று பத்து' என்று சொல்லியே மூன்று கட்டு வைக்கச் சொல்லலாம். ஆனால் ஒன்பதிடம் எச்சரிக்கை. ஒன்பதில் 'பது' இருக்கிறது, பத்து இல்லை. தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. தொண்ணூறு பெரியதா நூறு பெரியதா என்று கேட்டுப் பாருங்கள், காதை நம்பும் பிள்ளைகள் சிலர் தயங்குவார்கள். அவர்களுக்கு ஒன்பது குச்சிக்கட்டுகளையும் பத்துக் குச்சிக்கட்டுகளையும் அருகருகே அடுக்கிக் காட்டுவதைவிட நல்ல பதில் இல்லை.


களிமண் கை:

ஒன்றாம் வகுப்பு. எனக்கு இதே அடி அறிவியலில் விழுந்தது. களிமண் உருண்டை நீரில் மூழ்கும், அதே களிமண்ணைக் கிண்ணம்போல் செய்தால் மிதக்கும். தொட்டி, தண்ணீர், 20 நிமிடம், என் புடவை முழுக்க ஈரம். மறுநாள் என்ன பார்த்தோம் என்று கேட்டால் 'களிமண்' என்றார்கள். இப்போதெல்லாம் தண்ணீரில் போடுவதற்கு முன்பு, மூழ்குமா மிதக்குமா என்று ஒவ்வொருவரும் ஒரு படம் வரைந்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும். தன் படம் பொய்யாவதைப் பார்த்த குழந்தை மறப்பதில்லை. சிலர் நைசாக வந்து படத்தை மாற்றிக் கேட்பார்கள். தருவதில்லை.

உங்கள் கணக்குக்கும் படம் உதவும் டீச்சர். குச்சிக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு படம். ஆனால் ஒன்று: முதல் நாள் ஒரு பையன் கட்டை வரையச் சொன்னதும் பத்துக் கோடு போட்டு, ரப்பர் பேண்டு போட்டு, ரப்பர் பேண்டுக்கு நிழலும் அடித்தான். மணி அடித்துவிட்டது, கணக்கு தொடங்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே சலித்துப்போய், ஒரு நீளக் கோடு போட்டுப் 'பத்து' என்றான். அந்தச் சலிப்புக்காகக் காத்திருங்கள். நாமாகவே 'நீளக் கோடு என்றால் பத்து' என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் அது இன்னொரு விதியாகிவிடும்.


இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு:

எட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைக் கலந்து செய்தேன், ஆகவே எது வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகளே கட்டினார்கள். ஒரு பாடவேளை முழுக்கக் கட்டுவது மட்டும்தான். ஒன்பது குச்சிக் கட்டுகள் நான்கும் பதினொரு குச்சிக் கட்டு ஒன்றும் பிடிபட்டன. பதினொன்றைக் கட்டியவன் "ஒன்று சும்மா" என்று விளக்கம் கொடுத்தான். சபை ஏற்கவில்லை.

பிறகு ஜோடியில் ஒருவர் 'கை', ஒருவர் 'பென்சில்'. கை பேசக் கூடாது, பென்சில் குச்சியைத் தொடக் கூடாது. கை ஒரு கட்டை அவிழ்த்தால், பென்சில் அதை எழுதி முடிக்கும்வரை கை அசையக் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஆள் மாறும். இந்தப் 'பேசக் கூடாது' நான் அடக்கத்துக்காக வைத்தது; ஆனால் பென்சில்காரர்கள் பொறுமையிழந்து "அவிழ், அவிழ்!" என்று கத்த ஆரம்பித்தபோதுதான் அவர்கள் நோட்டைப் பார்த்துக் குச்சியை யோசிக்கிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் மூன்றாவது முறையும் எட்டிப் பார்த்தார்.

படம் வரைவதில் எங்கள் வகுப்பில் நான்கு நாள் ஆயிற்று சலிப்பு வர. நிழல் அடித்தவர்கள் இங்கேயும் உண்டு.

முதல் வரிசைப் பையனைத் தனியே சொல்ல வேண்டும். அவனிடம் 25 தவறு என்று நான் சொல்லவில்லை. "சரி, நோட்டுக்கு இருபத்தைந்து என்றாயே, இருபத்தைந்து குச்சி எடுத்து வை" என்றேன். வைத்தான். "நீ கொடுத்த பதினேழை இதோ திருப்பித் தருகிறேன், இப்போது மொத்தம் எத்தனை?" கட்டுகளைச் சேர்த்தான், உதிரியைச் சேர்த்துப் புதிதாக ஒரு கட்டு கட்டினான், நாற்பத்திரண்டு என்றான். தொடங்கியது எத்தனையில் என்று கேட்டேன். முப்பத்திரண்டு. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பின்னால் திரும்பி, பக்கத்து ஜோடியின் குவியலைச் சந்தேகத்தோடு பார்த்து, "டீச்சர், இவர்கள் கட்டு ஒன்று எங்களுடையதோடு கலந்துவிட்டது" என்றான். அவர்களை எண்ணவைத்தான். அவர்களுடையது சரியாக இருந்தது. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தான். அந்த ஏழையும் இரண்டையும் விரலால் மாறி மாறித் தொட்டான். நான் என் பல்லைக் கடித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் இருந்தேன். என் ஆசிரியர் வாழ்வில் மிகக் கடினமான இரண்டு நிமிடம் அது. "ரெண்டிலிருந்து ஏழு கொடுக்க முடியாது" என்று அவனுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு 3-ஐ அடித்தான்.

நேற்று நோட்டில் நான்கு கணக்கு. வந்தவர்கள் 33 பேர். 21 பேருக்கு நான்கும் சரி. 9 பேர் இன்னும் ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கிறார்கள். மற்ற 3 பேருக்கு முறை சரி, எண்ணுவதில் வழுக்கல். அந்த 9 பேரோடு திங்கட்கிழமை மறுபடியும் குச்சி. வாய்ப்பாடு கட்சி ஐயா, மற்றவர்களுக்குத் தினமும் ஐந்து கணக்கு கொடுக்கத் தொடங்கிவிட்டேன். பத்துக்கு எனக்குத் துணிவில்லை.

இரண்டு கேள்விகள் பாக்கி. ஒரு சிறுமி 32 − 17-க்கு எந்தக் கட்டையும் அவிழ்க்கவில்லை. இரண்டு முழுக் கட்டுகளை என்னிடம் நீட்டி, "மூன்று குச்சி மீதி கொடுங்கள்" என்று கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அவளிடம் பதினைந்து இருந்தது. நான் கற்பிக்கும் முறை இது இல்லையே, இதை அனுமதிப்பதா, திருத்துவதா?

இரண்டாவது, ரப்பர் பேண்டு. 68-இல் மிச்சம் 31. பாதி அறுந்துவிட்டன, பாதி வளையலாகவும் ஆயுதமாகவும் மாறிவிட்டன.


ஓய்வுபெற்ற சாக்கட்டி:

அந்தச் சிறுமியைத் திருத்த வேண்டாம். அவளுக்கு 52 − 29 கொடுங்கள். மூன்று கட்டைக் கொடுத்து ஒரு குச்சி திருப்பிக் கேட்பாள். பிறகு 52 − 21 கொடுங்கள். அதற்கும் மூன்று கட்டை நீட்டி ஒன்பது குச்சி கேட்கிறாளா, இல்லை இரண்டு கட்டும் ஓர் உதிரியும் எடுத்து நேராகக் கொடுக்கிறாளா என்று பாருங்கள். நேராகக் கொடுத்தால் அவள் எண்களைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறாள். அப்போது அவளையே கரும்பலகைக்கு அழைத்து, தன் முறையை எப்படி எழுதுவது என்று மற்றவர்களோடு சேர்ந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் நீட்டினால் இன்னும் பத்து நாள் ஒன்றும் சொல்லாதீர்கள்.

ரப்பர் பேண்டுக்கு: பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள், தூக்கி எறியத்தான் வைத்திருப்பார்கள். கழுவிக் காயவைத்து, கத்தரிக்கோலால் அரை அங்குல வளையங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். அறுந்தே போகாது. தடிமனாக இருப்பதால் எய்தாலும் இரண்டு பெஞ்சுக்கு மேல் போகாது.